கிராஷ் ஆகலைன்னா ஸ்டேபிளா?

போன வாரம் காலேஜ் பஸ்ல ஒரு செகண்ட் இயர் தம்பி பக்கத்துல வந்து உட்கார்ந்து போனை நீட்டினான். ஒரு ஸ்கிரீன்ஷாட். ஆறு கோரும் 5.0 கிகாஹெர்ட்ஸ்.

"ஸ்டேபிளா?"ன்னு கேட்டேன்.

"ஆமாண்ணா. நேத்து நைட்டு மூணு மணி நேரம் வேலரன்ட் ஆடினேன். ஒரு தடவை கூட கிராஷ் ஆகலை."

அதுக்குள்ள ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் வந்து கூட்டம் ஏறிடுச்சு. அவன் கேள்விக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லலை. அதைத்தான் இங்கே எழுதறேன். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம், அதனால ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

முதல்லயே சொல்லிடறேன், ஓவர்க்ளாக் பண்ணாதீங்கன்னு சொல்ல வரலை. நம்ம சிலபஸ்ல பாதி விஷயத்தை கையால தொட்டுப் பார்க்கக் கிடைக்கிற ஒரே இடம் அதுதான்னு நினைக்கிறேன். நான் சொல்ல வர்றது வேற. நீங்க ஏத்தி வெச்ச க்ளாக் ஒரு வாதம், அவ்வளவுதான். அதுக்கு ஆதாரம் டெஸ்ட். டெஸ்ட் இல்லாத மெஷின்ல போட்ட கணக்கை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல எழுத நமக்கு உரிமை இல்லை. நான் எழுதப் போனேன், நூலிழையில தப்பிச்சேன்.

எங்க ஊர் தளவாய்புரம். உங்க வீட்டுல இருக்கிற நைட்டியில ஒன்னாவது எங்க ஊர்ல தைச்சதா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. எங்க வீட்டுலயும் கீழ்த்தளத்துல எட்டு தையல் மெஷின் ஓடுது. மாடி ரூம்ல என் டெஸ்க்டாப். ஒரு சீனியர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, ஐ5-8600கே. 2017-ல் வந்த சிப்தான், ஆனா கடைசியில 'கே' இருக்கே, மல்டிப்ளையர் திறந்திருக்கும். பயாஸ்ல போய் 41-ஐ 49 ஆக்கினா 4.1 கிகாஹெர்ட்ஸ் 4.9 ஆயிடும். போன டிசம்பர்ல அதைச் செஞ்சேன். 1.35 வோல்ட் கொடுத்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டினேன். பாஸ். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். அந்தத் தம்பி மாதிரியேதான்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு துணியில இருக்கிற குறையைக் கண்டுபிடிக்கிற வேலையை எடுத்திருந்தோம். ஓட்டை, இழை விட்டது, பிரிண்ட் நகர்ந்தது, இந்த மாதிரி. படம் எல்லாம் எங்க வீட்டுல வர்ற துணிதான், ஏறக்குறைய 1,200 படம். ஒவ்வொரு படத்துக்கும் நெசவின் அமைப்பை எண்களா மாத்தி ஒரு ஃபைல்ல சேர்க்கணும், அப்புறம் அந்த எண்களை வெச்சு 'நல்லது', 'குறை'ன்னு பிரிக்கணும். ரேண்டம் சீட் எல்லாம் ஃபிக்ஸ் பண்ணி வெச்சாச்சு. ஒரே கோட், ஒரே படங்கள். எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே விடை வரணும்.

மார்ச்ல வரலை. ஒரு நாள் 91 சதவீதம், மறுநாள் 84, அப்புறம் திரும்ப 91.

இந்த இடத்துல நான் செஞ்சது எனக்கே பிடிக்கலை. என் டீம்மேட் அந்த வாரம்தான் கோட்ல சில மாத்தம் பண்ணியிருந்தான். "நீ எதையோ உடைச்சுட்ட"ன்னு சொன்னேன். அவன் இல்லைன்னான். பழைய வெர்ஷனைப் போட்டுப் பார்த்தோம், அது ஒழுங்கா ஓடிச்சு. அது தற்செயல், ஆனா எனக்கு அப்போ அது ஆதாரம். பதினஞ்சு நாள் ரெண்டு பேரும் சரியா பேசிக்கலை. செகண்ட் ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்னாடி அவன் அதே கோடை காலேஜ் லேப் மெஷின்ல மூணு தடவை ஓட்டி, மூணு ஃபைலையும் எனக்கு அனுப்பினான். மூணும் எழுத்துக்கு எழுத்து ஒன்னு. கூட ஒரு வார்த்தை கூட எழுதலை.

என் மெஷின்ல வந்த ஃபைல்களைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். 1,200 வரியில மூணே மூணு வரி வேற. அதுல ஒரு வரியில ஒரு எண் மட்டும் பூதாகரமா இருந்தது. நாங்க எல்லா எண்களையும் குறைஞ்சதுக்கும் கூடினதுக்கும் நடுவுல சுருக்கி 0-லிருந்து 1-க்குள்ள கொண்டு வர்றோம். ஒரு பூதம் உள்ளே வந்தா மத்த 1,199-ம் பூஜ்யத்துக்குப் பக்கத்துல போய் ஒட்டிக்கும். அதான் 84.

அன்னைக்கு மத்தியானமே பிரைம்95-ஐத் திரும்ப ஓட்டினேன். டிசம்பர்ல பாஸ் ஆன அதே செட்டிங். பதினோராவது நிமிஷம் நாலாவது வொர்க்கர் நின்னுடுச்சு. கம்ப்யூட்டர் நிக்கலை, பாட்டு ஓடிக்கிட்டிருந்தது, மவுஸ் நகர்ந்தது. தப்பா கணக்குப் போட்டுக்கிட்டே எல்லாம் ஓடிக்கிட்டிருந்தது.

ஏன் இப்படி? செகண்ட் இயர்ல செட்டப் டைம்னு ஒரு டாபிக் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? அஞ்சு மார்க் கேள்வி. ஃபிளிப்-ஃபிளாப் க்ளாக் விளிம்புல தன் வாசல்ல இருக்கிற மதிப்பைப் பிடிச்சுக்கும். அதுக்கு முன்னாடியே சிக்னல் வாசலுக்கு வந்து நிக்கணும். 5 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 0.2 நானோ செகண்ட். அந்த நேரத்துல வெளிச்சமே 6 செ.மீ.தான் போகும். அதுக்குள்ள சிக்னல் வரிசையா எத்தனையோ கேட்டைத் தாண்டி வரணும். லேட்டானா பழைய மதிப்பு பிடிபடும். பிடிச்சது பழசுன்னு ப்ராஸஸருக்குத் தெரியாது.

அந்தத் தப்பான பிட் எங்கே விழுதுங்கிறதுதான் விஷயம். மெமரி முகவரியில விழுந்தா புரோகிராம் கிராஷ், இல்லைன்னா நீலத்திரை. ஒரு படத்தின் பிக்சல்ல விழுந்தா கண்ணுக்கே தெரியாது. ப்ராஜெக்டின் எண்ணுல விழுந்தா டீம்மேட்டோட சண்டை. கிராஷ் ஆனா நல்லதுன்னு இப்போ எனக்குத் தோணுது. அது குறைஞ்சபட்சம் நேர்மையா சொல்லுது.

வேலரன்ட் மூணு மணி நேரம் ஓடினது எதையும் நிரூபிக்காததுக்கு காரணம் இதுதான் தம்பி. கேம் தன் விடையைச் சரிபார்க்காது. ஒரு புல்லட்டோட பாதை ஒரு ஃபிரேமுக்கு கொஞ்சம் தள்ளிப் போனா அதுக்கென்ன, உனக்கென்ன.

பிரைம்95 அப்படி இல்லை. அதை ஜார்ஜ் வோல்ட்மேன் 1996-ல் மெர்சன் பகா எண்களைத் தேடறதுக்காக எழுதினார். ஓவர்க்ளாக்கர்களுக்காக எழுதலை. கோடிக்கணக்கான இலக்கம் உள்ள எண்களைப் பெருக்கணும், அதை எஃப்.எஃப்.டி. மூலமா பண்ணும். பெருக்கி முடிச்சா விடை முழு எண்ணா இருக்கணும். ஆனா நடுவுல தசமக் கணக்கு நடந்ததால முழு எண்ணுக்கு ரொம்பப் பக்கத்துல ஒரு எண் வரும், அதை ரவுண்ட் பண்ணிக்கும். எவ்வளவு விலகியிருந்ததுன்னும் பார்க்கும். 0.4-ஐத் தாண்டினா ஏதோ தப்பு. எனக்கு வந்த எர்ரர் அதான்: ரவுண்டிங் 0.5, 0.4-க்குக் கீழ இருந்திருக்கணும். டார்ச்சர் டெஸ்ட்ல முன்கூட்டியே தெரிஞ்ச விடையோடயும் ஒப்பிடும். அந்தப் பகா எண் தேடல்ல ஒரு மெஷின் சொன்ன முடிவை இன்னொரு மெஷின் சரிபார்க்கிற வழக்கமும் உண்டு. மெஷின் தப்பு பண்ணும்ங்கிறதை ஏத்துக்கிட்டு கட்டின வேலை அது.

எங்க வீட்டுல இதை ரொம்ப நாளா அம்மா செய்யறாங்க. மெஷினை முழு வேகத்துல விட்டா சில சமயம் தையல் விடும். வெளிப்பக்கம் பார்த்தா நூல் ஓடின மாதிரியேதான் இருக்கும். செக்கிங்ல அம்மா துணியை உள்பக்கம் திருப்பி, தையல்ல ரெண்டு கட்டைவிரலையும் வெச்சு இழுப்பாங்க. விட்ட இடம் வாய் பிளக்கும். பீஸ் ரேட்டுல தைக்கிற அக்காங்களுக்கு அது பிடிக்காது, ஆனா இழுக்காம ஒரு பண்டலும் வெளியே போகாது. கீழ நடக்கிறதை தினமும் பார்த்துக்கிட்டே மாடியில நான் இழுக்காம அனுப்பிக்கிட்டிருந்தேன்.

"இதெல்லாம் ஓவர்க்ளாக் பண்றவன் பிரச்சினை, நான் பயாஸ் பக்கமே போனதில்லை"ன்னு நினைக்கிறீங்களா? உங்க ரேம்ல எக்ஸ்.எம்.பி. ஆன் பண்ணியிருக்கீங்களான்னு பாருங்க. அதுவும் ஓவர்க்ளாக்தான். என் சிப்புக்கு இன்டெல் எழுதி வெச்ச மெமரி வேகம் 2666, நான் 3200-ல் ஓட்டறேன், கடைக்காரரே ஆன் பண்ணிக் கொடுப்பாரு. லேப்டாப்ல சூடு குறையறதுக்காக அண்டர்வோல்ட் பண்றவங்களும் அதே கயித்துலதான் நடக்கறீங்க, எதிர் முனையிலிருந்து. 2019 டிசம்பர்ல பிளண்டர்வோல்ட்னு ஒன்னு வெளியாச்சு. சாஃப்ட்வேர் வழியா வோல்டேஜை இறக்கி, ப்ராஸஸரைப் பெருக்கல் கணக்குல தப்பு பண்ண வெச்சு, அந்தத் தப்பிலிருந்து ரகசியச் சாவியையே எடுத்துக் காட்டினாங்க ஆராய்ச்சியாளர்கள். சிஸ்டம் கிராஷ் ஆகலை. விடை மட்டும்தான் தப்பு. இன்டெல் அதுக்கப்புறம் வோல்டேஜை மாத்தற வழியைப் பூட்ட அப்டேட் கொடுத்தது. நிறைய லேப்டாப்ல அண்டர்வோல்ட் ஆப்ஷன் காணாமப் போனது அதனாலதான்.

எதையுமே தொடாதவங்களுக்கும் கேரன்டி கிடையாது. 2021-ல் ஃபேஸ்புக் இன்ஜினியர்கள் ஒரு பேப்பர் போட்டாங்க. அவங்க சர்வர்கள்ல சில ஃபைல்கள் காணாமப் போயிட்டிருந்தது. தேடித் தேடி ஒரே ஒரு மெஷின்ல ஒரே ஒரு கோருக்கு வந்து சேர்ந்தாங்க. 1.1-இன் 53-ஆவது அடுக்கைக் கேட்டா முழு எண் பகுதி 156 வரணும், அந்தக் கோர் 0-ன்னு சொல்லிச்சு. 52-ஆவது அடுக்குக்குச் சரியா 142 சொல்லிச்சு! ஃபைல் சைஸ் 0-ன்னு வந்ததால அந்த ஃபைலை விரிக்காமலே விட்டுட்டுப் போயிருக்கு. எர்ரர் இல்லை, லாக்ல ஒரு வரி இல்லை. அதே வருஷம் கூகுளும், சில ஆயிரம் மெஷினுக்கு ஒரு சில கோர் இப்படி இருக்குன்னு எழுதினாங்க. அது ஓவர்க்ளாக் பண்ணாத, கம்பெனி செட்டிங்ல ஓடற சர்வர்கள்.

2024-ல் நடந்தது இன்னும் பக்கம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள்ல கேம் திறந்தா கிராஷ், வீடியோ மெமரி போதலைன்னு சம்பந்தமில்லாத எர்ரர். ஆளாளுக்கு கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினாங்க. முதல்ல மதர்போர்டு கம்பெனிகள் இன்டெல் சொன்ன பவர் அளவைத் தாண்டி டீஃபால்ட் வெச்சிருக்குன்னு பேச்சு. ஜூலையில இன்டெலே, மைக்ரோகோடு தேவைக்கு மேல வோல்டேஜ் கேக்குதுன்னு ஒத்துக்கிட்டது. ஆகஸ்ட்ல திருத்தம் வந்தது, வாரன்டியை ரெண்டு வருஷம் நீட்டினாங்க. செப்டம்பர்ல, அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து கோருக்குள்ள இருக்கிற க்ளாக் சர்க்யூட்டையே முதுமையாக்குதுன்னு மூலகாரணம் சொன்னாங்க. கெட்டுப்போன சிப்பை அப்டேட் திருப்பிக் கொண்டு வராது. என்னைக் கேட்டா, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 6 கிகாஹெர்ட்ஸ்னு போட்டு விக்கிற காலத்துல கம்பெனியே நமக்காக ஓவர்க்ளாக் பண்ணிடுது. டெஸ்ட் பண்ற வேலை மட்டும் நம்ம தலையில.

சரி, டிசம்பர்ல பாஸ், மார்ச்ல ஃபெயில் எப்படி? இதுல நம்ம ஊர்க்காரங்களுக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. யூடியூப்ல வெள்ளைக்காரங்க 20, 22 டிகிரி ரூம்ல உட்கார்ந்து டெஸ்ட் பண்றாங்க. டிசம்பர் ராத்திரி என் மாடி ரூமும் ஏறக்குறைய அப்படித்தான், மலைக்காத்து வேற. அப்போ சிப் 84 டிகிரி காட்டிச்சு. மார்ச் மத்தியானம் கான்கிரீட் தளம் கொதிக்கும்போது 96. ரூம்ல ஏறின ஒவ்வொரு டிகிரியும் அப்படியே சிப்புல ஏறும். கூலர் காத்தை விடக் குளிர வைக்காது. 100-ல் தான் இந்தச் சிப் தானா வேகத்தைக் குறைச்சுக்கும், அதுவரை எந்த எச்சரிக்கையும் இல்லை. சூட்டுல சிக்னல் இன்னும் மெதுவாகும், 0.2 நானோ செகண்ட் மட்டும் நீளாது.

வோல்டேஜ் ஏத்தினா சரியாப் போகுமேன்னு கேப்பீங்க. பவர், வோல்டேஜின் வர்க்கத்தையும் க்ளாக்கையும் பொறுத்தது. 4.1-லிருந்து 4.9 ஆனா வேகம் 20 சதவீதம் கூட. 1.15 வோல்ட்டிலிருந்து 1.35 ஆனா வர்க்கம் 38 சதவீதம் கூட. ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, 65 சதவீதம் அதிக பவர். 20 சதவீத வேகத்துக்கு! ஒரு மணி நேர வேலை அம்பது நிமிஷத்துல முடியும். மிச்சம் பிடிச்ச அந்தப் பத்து நிமிஷங்களுக்காக நான் பதினஞ்சு நாளைத் தொலைச்சேன்.

அதனால டெஸ்ட்டை மத்தியானம் ரெண்டு மணிக்குப் பண்ணுங்க. ஃபேனை நிறுத்திட்டு, கதவைச் சாத்திட்டு. முடிஞ்சா ஏப்ரல், மே மாசத்துல. பிரைம்95-ல் சின்ன எஃப்.எஃப்.டி. போட்டா கோர் கொதிக்கும், பிளெண்ட் போட்டா மெமரியும் சேர்ந்து சோதிக்கப்படும், ரெண்டும் வேணும். மெமரிக்குத் தனியா மெம்டெஸ்ட்86+ ஒரு ராத்திரி. விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல டபிள்யூ.எச்.ஈ.ஏ. லாகர்னு தேடுங்க. ப்ராஸஸர் தானே கண்டுபிடிச்சுத் திருத்திக்கிட்ட தப்புகள் அங்கே அமைதியா வரிசைகட்டி நிக்கும். ஒன்னு இருந்தாலும் க்ளாக்கைக் குறைங்க. எத்தனை மணி நேரம் ஓட்டணும்ங்கிறதுக்கு ஆளுக்கு ஒரு கணக்கு, நான் எட்டுன்னு வெச்சிருக்கேன். முதல் தடவை அஞ்சாவது மணி நேரத்துல கரன்ட் போச்சு, மாதாந்திர பராமரிப்பு. பேப்பர்ல போட்டிருந்தாங்க, நான்தான் பார்க்கலை.

நிஜ வேலையில எந்த சாஃப்ட்வேரும் பிரைம்95 அளவுக்குச் சூடாக்காது, அதுல ஃபெயில் ஆனா என்னன்னு ஒரு கட்சி உண்டு. அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, அந்த லோடு முரட்டுத்தனமானதுதான். ஆனா என் துணி புரோகிராம் முரட்டு லோடு கிடையாது, அதுவே தப்பா போட்டுச்சு. எட்டு மணி நேரம் பாஸ் ஆனாலும் ஸ்டேபிள்னு நிரூபணம் ஆகாது. இதுவரை மாட்டலைன்னு மட்டும்தான் அர்த்தம். இப்போ 4.6-ல், 1.25 வோல்ட்ல இருக்கேன். ப்ராஜெக்டுக்கு இறுதியா ஓட்டினது முழுக்க ஸ்டாக் செட்டிங்ல. ரிப்போர்ட்ல அதையும் ஒரு வரி எழுதினோம். ரிவ்யூல யாரும் கேக்கலை, கேட்டிருக்கணும்னு எனக்குத் தோணுது. மெஷின் எந்த செட்டிங்ல ஓடிச்சு, இன்னொரு மெஷின்ல அதே விடை வந்ததான்னு ஒவ்வொரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்லயும் ரெண்டு வரி கட்டாயமாக்கலாம். லேப் அப்ஸர்வேஷன்ல மீட்டரோட ரேஞ்ச் எழுதச் சொல்றாங்களே, அதே மாதிரி.

டீம்மேட்கிட்ட மன்னிப்பு கேட்டேன். அவன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், பால்கோவா வாங்கிக் கொடுத்து எல்லாம் சமாதானம் பண்ண முடியாது. "அந்த மூணு வரியை பிரிண்ட் எடுத்து உன் சிஸ்டம் மேல ஒட்டு"ன்னான். ஒட்டியிருக்கேன்.

கடைசியா ஒரு கோரிக்கை, இது டிபார்ட்மென்ட்டுக்கு. லேப் மெஷின்கள் பயாஸுக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கீங்க, புரியுது, நாங்களா இருந்தாலும் போடுவோம். ஆனா ஐ.ஓ.டி. லேப் அலமாரியில ராஸ்பெர்ரி பை 4 போர்டுகள் சும்மா கிடக்கு. அதுல ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல ரெண்டு வரி மாத்தினா 1.5 கிகாஹெர்ட்ஸ் 2.0 ஆகும், வோல்டேஜை கொஞ்சம் கொஞ்சமா இறக்கி எந்த இடத்துல கணக்கு தப்புதுன்னு கண்ணால பார்க்கலாம். மெமரி கார்டை வேற கம்ப்யூட்டர்ல போட்டு அந்த ஃபைலைத் திருத்தினா பழையபடி ஆயிடும், எதுவும் எரியாது. செட்டப் டைமுக்கு இதைவிட நல்ல எக்ஸ்பெரிமென்ட் எனக்குத் தெரியலை. போர்டு கொடுக்க யோசனையா இருந்தா என்கிட்டயே ஒன்னு இருக்கு, புதன்கிழமை மத்தியான லேப் ஹவருக்கு கொண்டு வர்றேன். அந்த செகண்ட் இயர் தம்பியும் வரட்டும். ஏ.சி.யை மட்டும் ஆஃப் பண்ணி வைங்க.